பொட்டுக்குக் கீழே

நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியும் என் மனைவியின் நெற்றியைப் பொட்டில்லாமல் நான் பார்த்ததில்லை. சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வசந்தாமணி குளிக்கப் போகும்போது பொட்டோடு போவாள், வரும்போது பொட்டோடு வருவாள். பழையதை எடுத்துப் புதியதை ஒட்டுகிற அந்த இடைவெளியில் அவளைப் பார்க்கிற உரிமை குளியலறைக் கண்ணாடிக்கு மட்டும்தான் இருந்தது. புருஷன் கண்ணில் வெறும் நெற்றியோடு பட்டால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்று அவளுடைய அம்மா சொல்லி வைத்திருந்தாராம். என் ஆயுசு அப்படி லேசில் போகிற ஆயுசு இல்லை என்று நானும் எவ்வளவோ கேலி செய்து பார்த்துவிட்டேன். அவள் மசியவில்லை.

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து தாண்டியவர்கள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் இன்சூரன்ஸ்காரர்கள் வந்து மாட்டிவிட்டுப் போனது. மேனிக்கண்ணாடி என்று பெயர். குளித்துவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று திரும்பினால் போதும், உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் தோலைத் துழாவிப் பார்த்துவிட்டு அடியில் ஒரு விளக்கைக் காட்டும். பச்சை என்றால் ஒன்றுமில்லை. மஞ்சள் என்றால் டாக்டரைப் பார். சிவப்பு என்றால் இன்றைக்கே போ. வயதானவர்கள் தோலில் முளைக்கும் கெட்ட கட்டிகளைக் கடுகளவில் இருக்கும்போதே பிடித்துவிடும் என்றார்கள். பிடிக்கவும் செய்தது. எங்கள் குடியிருப்பிலேயே பின்பிளாக் தபால்காரர் முதுகில் இருந்த மச்சத்தை அது சொல்லித்தான் வெட்டி எடுத்தார்கள். குளியலறை சமாச்சாரம் என்பதால் பார்த்த படத்தை அந்த நொடியே அழித்துவிடும். விளக்கு ஒன்றுதான் மிச்சம்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். விளக்கைப் பார்த்துவிட்டு லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைத்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். எந்த விளக்கும் எனக்கு அரை நம்பிக்கைதான். வசந்தாமணி நேர் எதிர். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கண்ணாடியைச் செய்த கம்பெனியில்தான் எங்கள் ஒரே பெண் நித்திலா, பெங்களூரில், பெரிய பொறுப்பில் இருந்தாள். மகள் செய்த பொருள் என்றால் தாய்க்கு அது சாமி படம் மாதிரி. ஈரத்துணியால் அல்ல, கண்ணுக்குப் போடும் கண்ணாடியைத் துடைக்கிற துணியால் துடைப்பாள்.

முதலில் வந்த கண்ணாடிகள் இங்கே படாத பாடு பட்டன. எந்த ஊர் ஆட்களை வைத்துப் பழக்கினார்களோ, பொட்டைக் கண்டால் மஞ்சள், சந்தனத்தைக் கண்டால் மஞ்சள், குங்குமத்தைக் கண்டால் சிவப்பே எரியும். அதோடு நிற்காமல் நல்ல மரியாதையான குரலில், "நெற்றியைத் துடைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லும். கட்டின புருஷன் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது நெற்றியைத் துடை என்றால் எந்தப் பெண்பிள்ளைக்குப் பொறுக்கும்? கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடினார்கள். சில ஊரில் உடைத்தே விட்டார்கள். வசந்தாமணி மகளுக்குப் போன் போட்டு, அதற்கு முதலில் வாயைக் கழுவச் சொல் என்று ஒரு பிடி பிடித்தாள்.

அம்மா பிடித்த பிடியில் நித்திலா உட்கார்ந்து அதற்கு நம்முடைய வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தாள். லட்சக்கணக்கான நெற்றிகளைக் காட்டி, இது நோய் இல்லை, இது பொட்டு, பேசாமல் இரு என்று பழக்கினாள். அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் தகராறு இல்லை. கம்பெனியில் அவளுக்கு விருது கொடுத்தார்கள். வசந்தாமணி எங்கள் பிளாக் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள்.

போன வருடம் ஆடி முடிந்த சமயம் இருக்கும், அவளுடைய பொட்டு பெரிதாகிக்கொண்டே போவதைக் கவனித்தேன். எப்போதும் மிளகு அளவில் ஒட்டுகிறவள், பட்டாணி அளவுக்கு வந்தாள். பிறகு அதையும் தாண்டினாள். "என்ன அம்மிணி, பொட்டுக்கு வளர்பிறையா?" என்று கேட்டேன். வயசானால் சின்னப் பொட்டு கண்ணுக்குத் தெரியமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நானும் சிரித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மத்தியானம் அனத்திக்கொண்டு படுத்திருந்தாள். ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை துணியை எடுத்தபோது பொட்டும் அதோடு வந்துவிட்டது.

அதற்குக் கீழே இன்னொரு பொட்டு இருந்தது.

அப்படித்தான் முதலில் நினைத்தேன். வட்டமாக, ஊதாவும் சிவப்புமாக, பளபளவென்று, சின்னத் திராட்சையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது. அழுத்தினேன். தூக்கத்தில் இருந்த அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை. வலிக்காத கட்டி என்றதும் எனக்கு நிம்மதியல்லவா வந்திருக்க வேண்டும்? வரவில்லை. கம்பத்தின் மேல் ஒருவன் சத்தமே போடாமல் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்த அன்றைக்கு இருந்தது போல் இருந்தது.

அவள் கண் விழித்ததும் முதலில் கை நெற்றிக்குத்தான் போயிற்று. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்து நெற்றியை மூடிக்கொண்டு அழுதாள். கட்டிக்காக அழவில்லை. நான் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டேனே என்று அழுதாள்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சூட்டுக் கட்டி, பசை ஒத்துக்கொள்ளவில்லை, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டால் அமுங்கிவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் ஷப்னம் இதெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. துளி சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்று அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"ஐயா, இது தோல்ல வர்ற புத்துநோய். மெர்க்கல் செல் புத்துன்னு பேரு. ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் வயசானவங்களுக்குத்தான் வரும், வெயில் படற எடத்துல. நம்ம நெறத்துக்காரங்களுக்கு இன்னும் அபூர்வம். அதனாலயே யாருக்கும் சந்தேகம் வராது."

வலியே இல்லை என்கிறாளே என்று கேட்டேன்.

"வலிக்காதுங்கய்யா. அதுதான் அதோட கெட்ட குணம். வலிச்சிருந்தா என்னைக்கோ ஓடி வந்திருப்பீங்க. கொப்புளம் மாதிரி, கொழுப்புக் கட்டி மாதிரி இருக்கும். ஆனா சில மாசத்துல மளமளன்னு வளரும். காதுகிட்ட, கழுத்துல, நெறி கட்டற எடத்துக்குப் போயிரப் பாக்கும். வெட்டி எடுத்தாலும் திரும்பி வரப் பாக்கும். மொதல் ரெண்டு மூணு வருசத்தைத் தாண்டிட்டா மூச்சு விடலாம்."

"மருந்து?"

"ஆபரேசன், அப்புறம் கரண்டு வைத்தியம்னு சொல்ற ரேடியேசன். அப்புறம் உடம்போட காவலைத் தட்டி எழுப்பற ஊசி ஒண்ணு இருக்கு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்லாக் கேக்குது."

மிச்சப் பாதிப் பேரைப் பற்றி நான் கேட்டேன். அவர் மேசை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். மிளகு அளவில் இருந்தபோதே வந்திருந்தால் இவ்வளவு பேசவேண்டி இருந்திருக்காது என்றார். வீட்டில் மேனிக்கண்ணாடி இல்லையா என்றும் கேட்டார். இருக்கிறது என்றேன். பொட்டு மறைத்திருக்கும் என்று அவரே சமாதானமும் சொன்னார்.

வெளியே வந்தேன். வசந்தாமணி என் முகத்தைப் பார்த்தாள். முகத்தை நான் சரிசெய்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் நாற்பது வருடம் பார்த்த முகத்தை எவ்வளவுதான் சரிசெய்ய முடியும்? அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு எனக்குப் பயம் வந்து உட்கார்ந்தது. அது இன்னும் எழுந்து போகவில்லை.

நித்திலா மறுநாளே வந்துவிட்டாள். ஆபரேசனுக்கு முந்தைய நாள் வார்டில் வைத்துத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா மறைச்சே?" என்றாள். "பொட்டை எடுத்துட்டு ஒரே ஒரு நாள் கண்ணாடி முன்னால நின்னிருந்தாப் போதுமே. அது கத்தியிருக்குமே. எங்க யாருக்கும் காட்ட வேண்டாம், அதுக்கு மட்டுமாவது காட்டியிருக்கலாமில்ல?"

"பயந்துட்டேன் கண்ணு," என்றாள் வசந்தாமணி. "பொட்டோடயேதான் நின்னேன். என் தப்புத்தான்."

மகள் அழுதுகொண்டே மருந்து வாங்கக் கீழே போனாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உயிர் போகிற விஷயத்தில்கூடச் சாஸ்திரம் பார்ப்பாயா, ஒரு கண்ணாடிக்குக்கூடவா வெட்கம் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நான் முடித்ததும் அவள் சொன்னாள்.

"தெனமும் காட்டுனனுங்க."

எனக்கு விளங்கவில்லை.

"மொளகாட்டம் இருந்தப்ப இருந்தே, தெனமும் பொட்டை எடுத்துப்போட்டுக் காட்டுனனுங்க. கிட்டப்போயி நின்னு காட்டுனேன். லைட்டைப் போட்டுக் காட்டுனேன். பச்சைதானுங்க எரிஞ்சுது. நம்ம புள்ள செஞ்சது பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். ஒண்ணும் இல்லாததுக்கு உங்களைப் பயமுறுத்துவானேன்னுதான் பெரிய பொட்டா ஒட்டிக்கிட்டேன்."

இதை ஏன் மகளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிங்க சொல்றது? நெத்தியப் பாத்து எதுவும் பேசாதேன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தவளே அவதானே. அதும் நான் போன் போட்டுப் பேசுனதுக்காக. தெரிஞ்சா அவ அப்புறம் இருப்பாளா? எம்மேல சத்தியம் பண்ணுங்க. அவகிட்ட மூச்சு விடக்கூடாது."

சத்தியம் பண்ணினேன். ஆபரேசனுக்குப் போகிறவள் கையை நீட்டினால் வேறென்ன செய்வது? அப்போது ஊசி போட ஒரு நர்சம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் வட்டமாகச் சிவப்புப் பொட்டு. என் பார்வை அதிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்தால் பூக்காரம்மா நெற்றியில் பொட்டு, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பாட்டிமார் நெற்றியில் பொட்டு. இந்த மாநிலம் முழுக்க எத்தனை நெற்றி, எத்தனை குளியலறை, எத்தனை பச்சை விளக்கு என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். தொடையிலிருந்து தோலெடுத்து நெற்றியில் தைத்திருந்தார்கள். கரண்டு வைத்தியத்துக்கு வாரக்கணக்கில் போய் வந்தோம். ஊசியும் ஆரம்பித்தார்கள். நெற்றியில் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கக் குடியிருப்புப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்கள் கிளம்பும்போது வசந்தாமணி குங்குமச் சிமிழை எடுத்தாள். வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுமனே அனுப்புகிற வழக்கம் இல்லைதான். ஆனால் சிமிழை நீட்டினால் அவர்களே எடுத்து வைத்துக்கொள்வார்கள். இவள் அப்படி விடவில்லை.

"ஸ்டிக்கரை எடுங்கக்கா. மருதமலைக் குங்குமம். நானே வெச்சு விடறேன்."

அவர்கள் கூச்சத்தோடு என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி ஸ்டிக்கரை எடுப்பார்கள். இவள் குங்குமத்தைத் தொட்டு நெற்றி நடுவில் வைப்பாள். விரல் உடனே வராது. ஒரு சுற்றுச் சுற்றும், கொஞ்சம் அழுத்தும், பிறகுதான் வரும். முதல் நாள் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் நாள் புரிந்தது. மகளைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லை, அடுத்தவளை அப்படியே விடவும் மனசில்லை. எங்கள் குடியிருப்பின் பெண்கள் எல்லோரையும் தன் ஒற்றை விரலால் பார்த்து முடித்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறாள். நெற்றியில் கட்டுப் போட்டவள் கையால் குங்குமமா என்று யாரோ வராந்தாவில் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். அடுத்த நாள் அந்த அம்மாளையே முதலில் கூப்பிட்டு அனுப்பினாள்.

எதிர்வீட்டுக் கமலவேணி அக்கா கடைசியாகத்தான் வந்தார். மகன் வீட்டுக்கு மதுரை போயிருந்தார். அவர் நெற்றியில் வைத்த விரல் எழவே இல்லை. குங்குமம் வைத்த இடத்திலேயே நின்றது.

"இதென்னங்கக்கா?"

"அதா? பசை சேரலை அம்மிணி. ரொம்ப நாளா இருக்குது. கண்ணாடியில தெனமும் பச்சைதான் காட்டுது," என்றார் கமலவேணி அக்கா, மிகவும் சாதாரணமாக.

மறுநாள் இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்காவுக்கு வந்திருந்தது வேறு ஜாதிக் கட்டி. தோல் புற்றுதான், ஆனால் மெதுவாக ஊர்கிற வகை, அந்த இடத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. நல்ல சேதி. ஆனால் வீட்டுக்கு வந்த வசந்தாமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பேச வேண்டியது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

"ஒரு பில்டிங்குக்கு எனக்கு வெரல் பத்துமுங்க," என்றாள் கடைசியில். "ஊருக்குப் பத்தாதுங்க."

ஞாயிற்றுக்கிழமை நித்திலா வந்தபோது அவளே சொன்னாள். நான் கூட உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மகளைச் சாப்பிடவைத்து, கை கழுவ வைத்து, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முதலில் கமலவேணி அக்கா கதையைச் சொன்னாள். பிறகு தன்னுடையதைச் சொன்னாள். மிளகு அளவில் இருந்தபோதிலிருந்து தினமும் காட்டியதைச் சொன்னாள்.

நித்திலா நம்பவில்லை. பொட்டு இருந்தால்தான் அது விட்டுவிடும், இல்லாவிட்டால் பார்க்கும், தான் அப்படித்தான் பழக்கியதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். எழுந்து குளியலறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று தன் பொட்டை எடுத்தாள், திரும்பவும் ஒட்டினாள். இரண்டு தடவையும் பச்சை. பொட்டு என்று விட்டுவிட்டதா, தோலைப் பார்த்துத்தான் சொல்கிறதா என்று அந்த விளக்கில் தெரியவில்லை. பிறகு வந்து தரையில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"வட்டமா, செவப்பா, புருவத்துக்கு நடுவுல இருந்தா அது பொட்டுன்னு நெனச்சுக்கோன்னு நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன். பொட்டை எடுத்துட்டு நீ காட்டினே. அங்க வட்டமா, செவப்பா ஒண்ணு இருந்துச்சு. உன் கட்டியவே பொட்டுன்னு நெனச்சிருச்சு."

அப்புறம் அவள் அழுத அழுகையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. உன் மேல் தப்பில்லை என்று வசந்தாமணி திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

கம்பெனிக்காரர்கள் பதறவில்லை. சரிசெய்துவிடலாம், ஆனால் சத்தமில்லாமல், அடுத்த புதுப்பிப்போடு சேர்த்து, பண்டிகையெல்லாம் முடிந்த பிறகு என்றார்களாம். மறுபடியும் நெற்றியைத் துடை என்று சொன்னால் மறுபடியும் துண்டைப் போட்டு மூடுவார்கள், அப்போது முதுகும் இல்லை, காலும் இல்லை, ஒன்றையும் பார்க்க முடியாது என்று நியாயமும் பேசியிருக்கிறார்கள். அந்த நியாயத்திலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்று நித்திலாவே சொன்னாள். சொல்லிவிட்டு, அன்றைக்கே போன் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் பெயர், தன் அம்மாவின் பெயர், தான் செய்தது எல்லாவற்றையும் சொல்லி ஊருக்கே அனுப்பிவிட்டாள். பச்சை எரிந்தாலும் பொட்டை எடுத்து விரலால் தொட்டுப் பாருங்கள் என்றாள். வேலை போயிற்று. விருதைத் திருப்பிக் கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை.

அவளைத் திட்டியவர்கள் உண்டு. சாமி நெற்றியில் கை வைக்கிறாள் என்றார்கள். எங்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டவர்களும் உண்டு. வேறு சிலரும் வந்தார்கள். தேனியிலிருந்து ஒருவர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். அந்த அம்மாள் நெற்றியில் பிளாஸ்திரி இருந்தது. எந்தெந்த ஊரில் எத்தனை பேருக்கு இருந்தது, எத்தனை பேருக்குக் காலம் கடந்துவிட்டது என்று கம்பெனி இன்றுவரை சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் சரிசெய்துவிட்டார்கள். இப்போது அது, "பொட்டை ஒரு நிமிடம் எடுத்துவிட்டு நில்லுங்கள், பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்கிறது.

வசந்தாமணியின் தழும்பு ஆறிவிட்டது. தழும்புக்குச் சற்று மேலே மிளகு அளவில் பழையபடி பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் ஷப்னம் சொன்னார். என்னையும் ஒரு வேலைக்கு வைத்தார். கண்ணாடிக்குத் தோலின் மேல்பக்கம்தான் தெரியும், உள்ளே நெறி கட்டுவது தெரியாது, மாதா மாதம் நாங்கள் பார்ப்போம், வீட்டில் நீங்கள் பாருங்கள் என்று என் விரலைப் பிடித்துக் காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், கழுத்தோரம் எப்படி உருட்டிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

அதிலிருந்து காலையில் எங்கள் வீட்டில் இதுதான் பூஜை. அவள் குளித்துவிட்டு, பொட்டில்லாத நெற்றியோடு, கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுவாள். என் ஆயுசைப் பற்றி இப்போது அவள் பேசுவதில்லை. கண்ணாடி தன் விளக்கைக் காட்டும். அதை நாங்கள் பார்ப்பதுகூட இல்லை. நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கை விரல்களையும் வைத்து, காதுக்கு முன்னாலிருந்து ஆரம்பித்து, மெதுவாகக் கழுத்து வரைக்கும் இறங்குவேன். அந்த நேரம் முழுக்க எனக்கு உயிர் விரல் நுனியில்தான் இருக்கும். அவளோ கண்ணை மூடிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிற மாதிரி சுகமாக நிற்பாள். முடிந்ததும் கேட்பாள்:

"என்னுங்க, பச்சையா, செவப்பா?"

"பச்சை," என்பேன். பொட்டை ஒட்டிக்கொண்டு காப்பி போடப் போவாள்.

இப்படியே தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனியும் வந்தது. போன ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஊசி கேட்கிறது என்றார்கள். பாதிப் பேரில் நாங்களும் இருக்கிறோம் என்று நான்கூட நம்ப ஆரம்பித்திருந்தேன்.

இன்று காலையும் அப்படித்தான் நின்றோம். கண்ணாடி பச்சை காட்டியது. இடது காதுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. வலது காதுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. வலது தாடைக்கு அடியில் என் விரல் எதன் மேலோ ஏறி இறங்கியது.

திரும்பவும் உருட்டினேன். இருந்தது. உளுந்து அளவுக்கு, கெட்டியாக, விரலுக்கு வழுக்கிக்கொண்டு போகாமல் அங்கேயே இருந்தது. அழுத்தினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. வலித்தால் தேவலையே என்று நினைத்தேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கண்ணை மூடியபடி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் தழும்பு. அதற்கு மேலே என் முகமும் தெரிந்தது. அதை அவள் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு ஆறுதல்.

"என்னுங்க, பச்சையா, செவப்பா?"

பச்சை என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் அவள் காப்பி போடப் போவாள். இன்றைக்கு ஒரு நாள், இன்னும் ஒரு வாரம், நித்திலா வந்து போகிற வரைக்கும், சித்திரை பிறக்கிற வரைக்கும். எவ்வளவு சுலபம். மகள் அம்மாவின் மனசு நோகக்கூடாது என்று கண்ணாடிக்குப் பச்சையைச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா என்னைப் பயமுறுத்தக்கூடாது என்று பெரிய பொட்டாக ஒட்டிக்கொண்டாள். அப்புறம் மகள் உடைந்துவிடக்கூடாது என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லோர் மேலும் அவ்வளவு பிரியம்.

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது அவள் கழுத்துக்குத் தெரிந்திருக்கும். கண்ணைத் திறந்தாள்.

"செவப்பு அம்மிணி," என்றேன்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிறகு கையை உயர்த்தி, என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்து, தானும் ஒருமுறை உருட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க. நான் பொட்டு வெச்சுக்கிட்டு வந்தர்றேன்."